ஷீலா அக்காவும் ஊமைப் போனும்

ஆரோக்கிய ஷீலா அக்காவைப் பற்றி எங்கள் தெருவில் இரண்டு கதைகள் உலவுகின்றன. ஆஸ்பத்திரிக் கம்ப்யூட்டரை அவள் வீட்டில் இருந்தபடியே ஓட்டுகிறாள் என்பது ஒன்று. எங்கள் வீட்டுப் போனில் அந்தக் கம்ப்யூட்டர் வந்து பேசுகிறது என்பது இன்னொன்று. இரண்டும் தப்பு. போன் எங்கள் வீட்டில் இருப்பதால், நடந்ததை நானே எழுதிவிடுவது நல்லது என்று நினைக்கிறேன்.

அக்காவின் அப்பா அருளானந்தம் கல்லல் பக்கம் விவசாயம் பார்ப்பவர். அம்மா ஞானபூரணி டீச்சர். அம்மாவின் வேலைக்காகக் குடும்பம் காரைக்குடிக்கு வந்து எங்கள் வீட்டுக்கு நேர் எதிரே குடியேறியது. அக்கா காலேஜில் இயற்பியல் படித்தாள். அப்புறம் மதுரையில் தங்கிக் கம்ப்யூட்டர் படித்தாள். கூடப் படித்தவர்கள் மெட்ராஸ், பெங்களூர் என்று கிளம்பினார்கள். இவள் மட்டும் ஒரு பெட்டியோடு காரைக்குடி பஸ்ஸில் வந்து இறங்கினாள். ஏன் என்று கேட்டவர்களுக்கு அவள் சொன்ன பதில் தெருவில் எல்லாருக்கும் மனப்பாடம்: "அங்க போனா ஆயிரத்துல ஒருத்தி. இங்க நான்தான் மொத ஆளு."

அவளிடம் அடக்கம் கிடையாது. ஒரு வேலையை நன்றாகச் செய்துவிட்டால் அதை நாலு பேரிடம் சொல்லாமல் அவளுக்குச் சோறு இறங்காது. மாதா கோவில் பாடற்குழுவில் அவள் குரல் தனியாகக் கேட்கும். கைப்பையில் சீப்புக்குப் பக்கத்தில் ஒரு ஸ்க்ரூ டிரைவர் இருக்கும். பெண் பார்க்க வந்த ஒரு வீட்டாரிடம் அந்தப் பையைத் திறந்து காட்டி, இதுவும் கூட வரும் என்று சொன்னாளாம். அவர்கள் காப்பி குடித்துவிட்டுப் போனவர்கள் திரும்பி வரவில்லை. இதையும் அவளேதான் சொல்லிச் சிரித்தாள்.

அவள் வேலை பார்ப்பது டாக்டர் தேனம்மையின் ஆஸ்பத்திரியில். பழைய பெரிய வீட்டை ஆஸ்பத்திரியாக மாற்றியது அது. மருந்துக் கடை, ரத்தப் பரிசோதனைக் கூடம், வார்டு என்று மூன்று இடத்திலும் ஆளுக்கொரு கம்ப்யூட்டர். தங்கள் கணக்கெல்லாம் எதிரே இருக்கும் திரைக்குள்ளேதான் இருக்கிறது என்று மூன்று இடத்துக்காரர்களும் நம்பிக்கொண்டிருந்தார்கள். உண்மையில் அவற்றுக்குள் ஒன்றும் கிடையாது. எல்லாம் பின்கட்டில் ஏ.சி. போட்ட சின்ன அறைக்குள் இருக்கும் ஒரே பெட்டியில்தான். சர்வர் என்பார்கள். அந்த ஒரு பெட்டி மருந்துக் கடைக்குத் தனிப் பெட்டி மாதிரியும் பரிசோதனைக் கூடத்துக்குத் தனிப் பெட்டி மாதிரியும் நடிக்கும். ஒரு நடிகர் மூன்று வேஷம் கட்டுவது போல என்று அக்கா சொல்லுவாள். நடிகர் மயங்கி விழுந்தால் மூன்று வேஷமும் சேர்ந்து விழும்.

அதனால் அந்தப் பெட்டிக்குள், கணக்கைச் சேமித்து வைக்கும் டிஸ்க் இரண்டு வைத்திருந்தாள். ஒன்றில் எழுதுவது அப்படியே மற்றதிலும் எழுதப்படும், கண்ணாடியில் தெரிவது போல. ஒன்று கெட்டுப்போனால் மற்றது வேலையைப் பார்த்துக்கொள்ளும். கேட்க நன்றாக இருக்கிறது இல்லையா? ஆனால் இதில் ஒரு சிக்கல் உண்டு. ஒன்று கெட்டாலும் எல்லாம் வழக்கம் போல ஓடிக்கொண்டே இருக்கும். யாருக்கும் எந்தக் குறையும் தெரியாது. மிச்சம் இருக்கும் ஒன்றும் சாகும்போதுதான் விஷயம் வெளியே வரும்.

தொண்ணூற்றி ஏழில் அதுதான் நடந்தது. முதல் டிஸ்க் கெட்டபோது பெட்டி 'கீ கீ' என்று கத்தியிருக்கிறது. அந்த ஆஸ்பத்திரியில் கரண்ட் போகும்போதெல்லாம் யு.பி.எஸ். அதே சத்தம்தான் போடும். காரைக்குடியில் கரண்ட் எத்தனை முறை போகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. பக்கத்து வார்டில் இருந்த புஷ்பவள்ளி சிஸ்டர், யு.பி.எஸ். வழக்கம் போலக் கத்துகிறது என்று உள்ளே போய்க் கைக்குக் கிடைத்த பொத்தானை அழுத்தினார். சத்தம் நின்றது. திரையில் வந்திருந்த எச்சரிக்கையும் கூடவே மறைந்தது. சிஸ்டர் கதவைச் சாத்திவிட்டுப் போய்விட்டார். அந்த வீட்டுத் தேக்குக் கதவைச் சாத்திவிட்டால் உள்ளே வெடி வெடித்தாலும் வெளியே கேட்காது. அக்கா அப்போது முன்பக்கம் மருந்துக் கடைக் கவுண்டரில் உட்கார்ந்து நோயாளிகளின் விவரங்களை ஏற்றிக்கொண்டிருந்தாள். கொஞ்ச நாளில் இரண்டாவது டிஸ்க்கும் போனது. மழைக்காலத்துக் காய்ச்சல் ரிப்போர்ட்டுகள், ரத்தம் கொடுப்பவர்களின் பெயர், யாருக்கு எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது என்ற விவரம், எல்லாம் போய்விட்டன.

டாக்டரம்மா சத்தம் போடுகிற ஆள் இல்லை. அக்காவைக் கூப்பிட்டு இரண்டே வார்த்தைதான் பேசினாராம். பேப்பரில் எழுதியது தொலைந்தால் தேடலாம், இது தொலைந்தால் தேட இடமே இல்லை என்றார். இன்னொரு தடவை இப்படி ஆனால் கம்ப்யூட்டரை எடுத்துவிட்டுப் பழையபடி நோட்டுக்கே போய்விடலாம் என்றார்.

அக்கா வீட்டுக்கு வந்து அழுவாள் என்று ஞானபூரணி டீச்சர் நினைத்தாராம். அவள் அழவில்லை. காரைக்குடியில் முதல் ஆள் என்று சொல்லிக்கொண்டு வந்தவள் அவள். அவளைக் காரணம் சொல்லிக் கம்ப்யூட்டரை ஏறக்கட்டினால், இந்த ஊரில் அடுத்து யாரும் அதைத் தொட மாட்டார்கள் என்பதுதான் அவள் கவலை. டாக்டரம்மாவிடம் அவள் ஒரு வாக்குக் கொடுத்திருந்தாள். இனிமேல் ஒரு டிஸ்க் கெட்டால், அடுத்தது கெடும் முன்னால் எனக்குத் தெரிந்துவிடும், நான் எங்கே இருந்தாலும்.

சொல்லிவிட்டாள். எப்படித் தெரியும்? பெட்டி கத்திப் பிரயோஜனம் இல்லை என்பது தெரிந்துவிட்டது. திரையில் எழுதினால் பார்க்க ஆள் வேண்டும். சாயங்காலம் ஆறு மணிக்குக் கம்ப்யூட்டர் அறையைப் பூட்டிவிடுவார்கள். மருந்துக் கடையும் மூடிவிடும். வார்டில் இருக்கும் சிஸ்டர் அலமாரியிலிருந்து மருந்து எடுத்துக் கொடுத்துவிட்டு, காலையில்தான் கம்ப்யூட்டரில் ஏற்றச் சொல்லுவார். அதற்கு நடுவே அந்தப் பெட்டிக்கு என்ன ஆனாலும் கேட்க நாதி இல்லை.

அக்கா ஒரு வழி கண்டுபிடித்தாள். ஆஸ்பத்திரியில் ஓரமாகக் கிடந்த பழைய கம்ப்யூட்டர் ஒன்றைத் துடைத்து எடுத்துக்கொண்டாள். மதுரையில் கூடப் படித்த தோழியிடமிருந்து ஒரு மோடம் வாங்கி வந்தாள். போன் லைனைக் கம்ப்யூட்டரோடு சேர்க்கும் சின்னக் கருவி அது. பழைய கம்ப்யூட்டருக்கு ஒரே ஒரு வேலை. அடிக்கடி சர்வரிடம் போய், இரண்டு டிஸ்க்கும் நலமா என்று கேட்க வேண்டும். நலம் என்று பதில் வந்தால் சும்மா இருக்கலாம். ஒன்று கெட்டுவிட்டது என்று வந்தால் மோடம் வழியாக அக்காவுக்குப் போன் போட வேண்டும். இதற்கான புரோகிராமை அவளே எழுதினாள். அதற்குக் காவல்காரன் என்று பேரும் வைத்தாள்.

ஒரே குறை, அக்கா வீட்டில் போன் கிடையாது. பதிந்து வைத்துவிட்டுக் காத்திருந்தார்கள். அப்போது எங்கள் தெருவில் போன் இருந்தது எங்கள் வீட்டில் மட்டும்தான். தெருவில் பாதிப் பேர் எங்கள் நம்பரைத்தான் பி.பி. என்று போட்டுக் கொடுத்திருப்பார்கள். போன் வந்தால் நாங்கள் வாசலில் நின்று கூப்பிடுவோம், அவர்கள் ஓடி வருவார்கள். அக்காவும் காவல்காரனுக்கு எங்கள் நம்பரையே கொடுத்தாள். எங்கள் வீட்டில் வந்து, ஆஸ்பத்திரியில் இருந்து போன் வந்தால் எந்த நேரமானாலும் கூப்பிடுங்கள் என்று சொல்லிவிட்டும் போனாள். நாங்களும் சரி என்றோம்.

அவள் இன்னொன்றும் செய்தாள். அலாரம் வைத்தால் மட்டும் போதாது, அது உயிரோடு இருக்கிறதா என்று தினமும் பார்க்க வேண்டும் என்பது அவள் கொள்கை. அதனால் தினம் சாயங்காலம் ஆறரைக்குக் காவல்காரன் ஒருமுறை எங்கள் வீட்டுக்குப் போன் போட்டுப் பார்க்கும்படி வைத்தாள். இந்தப் பக்கம் யாராவது எடுத்தால், எடுத்தார்கள் என்று குறித்துக்கொண்டு அதுவே வைத்துவிடும். அக்கா மறுநாள் காலையில் அந்தக் குறிப்பைப் பார்த்துத் திருப்திப்படுவாள். போனை எடுத்தவர்களுக்கு என்ன கேட்கும் என்று அவள் யோசிக்கவே இல்லை.

எங்களுக்கு ஒன்றுமே கேட்கவில்லை.

தினம் சாயங்காலம் மஃரிபு தொழுகை நேரத்தில் போன் அடிக்கும். எடுத்து ஹலோ என்றால் பதில் இருக்காது. கொஞ்ச நேரம் இரைச்சல், பிறகு 'டொக்'. மறுநாளும் அதே நேரம். ஊமைப் போன் என்றால் எங்கள் ஊரில் ஒரே அர்த்தம்தான். எவனோ ஒரு பயல் வீட்டில் இருக்கும் ஒரு பெண்ணுக்காகப் போன் போடுகிறான், வேறு யாரோ எடுத்துவிட்டதால் பேசாமல் வைக்கிறான். பிளஸ் டூ முடித்துவிட்டு வீட்டில் சும்மா இருந்தது நான் என்பதால், அம்மாவின் பார்வை முதலில் என் மேல்தான் விழுந்தது. கம்ப்யூட்டர் வகுப்புக்குப் போகிறேன் என்று நான் அப்போது நச்சரித்துக்கொண்டிருந்தேன். அந்தப் பேச்சு அன்றோடு நின்றுபோனது.

என் மேல் சந்தேகப்பட்டதுகூடப் பெரிதில்லை. என் அண்ணன் ஹபீப் ரகுமான் துபாயில் வேலை பார்க்கிறார். அண்ணன் மனைவி ஜாஹிதா மதினி எங்களோடு இருக்கிறார். புருஷன் வெளிநாட்டில் இருக்கும் வீட்டுக்குத் தினமும் ஊமைப் போன் வருகிறது என்று வெளியே தெரிந்தால் ஊர் என்ன பேசும்? மதினி போன் அடித்தால் அந்தப் பக்கமே போகாமல் அடுப்படியில் இருந்துகொண்டார். இரண்டு வாரம் பொறுத்துப் பார்த்த அம்மா, ஒரு நாள் மஃரிபுக்கு முன்னால் ரிசீவரை எடுத்துக் கீழே வைத்துவிட்டார். அப்புறம் தினமும் அப்படித்தான், இரவு இஷா தொழுகை முடித்துவிட்டுத்தான் திரும்ப எடுத்து வைப்பார். அதிலிருந்து ஊமைப் போன் வரவில்லை. அம்மாவுக்கு நிம்மதி.

ஆஸ்பத்திரியில் காவல்காரனுக்கு நிம்மதி போனது. தினம் போன் போடும், லைன் கிடைக்காது. சில நாள் குறிப்பைப் பார்த்துவிட்டு, எங்கள் போன் ரிப்பேராகிவிட்டதோ என்று அக்கா விசாரிக்க வந்தாள்.

போன் நன்றாகத்தான் இருக்கிறது என்றார் அம்மா. சாயங்காலத்தில் மட்டும் கீழே எடுத்து வைப்பதாகச் சொன்னார். ஏன் என்று அக்கா கேட்டாள். அம்மா தயங்கினார். மதினி தலையைக் குனிந்துகொண்டார். கடைசியில் அம்மா சொன்னார், எவனோ களவாணிப் பய தினமும் ஆறரைக்குப் போன் போட்டுப் பேசாமல் வைக்கிறான் என்று.

ஆறரை என்றதும் அக்காவின் முகம் மாறியது. அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

"பெரியம்மா, அது களவாணிப் பய இல்ல. எங்க ஆஸ்பத்திரிக் கம்ப்யூட்டரு."

அம்மாவுக்குப் புரிய வைக்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. புரிந்ததும் கோபம் அதிகமானது. "ஏத்தா ஷீலா, போன் போடத் தெரிஞ்ச பெட்டிக்கு வாய் தொறந்து பேசத் தெரியாதா? எம்புள்ளய நான் சந்தேகப்பட்டுட்டேனே. எம்மருமக ரெண்டு வாரமாச் சரியாச் சாப்பிடல."

அக்கா மன்னிப்புக் கேட்டாள். பெட்டிக்குப் பேச்சு வராது, மோடம் பேசாது என்று விளக்கினாள். ஆனால் அந்தப் போனை நிறுத்தவும் முடியாது என்றாள். டாக்டரம்மாவிடம் கொடுத்த வாக்கைப் பற்றிச் சொன்னாள். "பெரியம்மா, அந்தப் பெட்டி கூப்பிடுறதுக்கு இந்தத் தெருவுல வேற வீடு இல்ல. இந்தக் காது போச்சுன்னா நான் டாக்டரம்மாகிட்டப் போயி, என்னால ஆகலன்னுதான் சொல்லணும்."

அம்மா விடவில்லை. தினம் தினம் பேசாத போனை எடுத்துக் காதில் வைக்க என் வீட்டில் ஆள் இல்லை என்று முடிவாகச் சொல்லிவிட்டார். அக்கா எழுந்து வாசல் வரைக்கும் போய்விட்டாள். அப்போதுதான் மதினி அவளைக் கூப்பிட்டார்.

"போனை எதுக்கு எடுக்கணும்? துபாய்ல இருக்குற ஒங்க அண்ணன் மாதிரி பெட்டியயும் மணி விட்டுட்டு வச்சிறச் சொல்லு."

அது எங்கள் வீட்டு வழக்கம். துபாயிலிருந்து பேசுவது லேசான காரியம் இல்லை என்பதால், அண்ணன் மாதம் ஒருமுறைதான் பேசுவார். மற்ற வெள்ளிக்கிழமைகளில் ஜும்மா தொழுதுவிட்டு வந்து எங்கள் நம்பருக்கு இரண்டே மணி விட்டு வைத்துவிடுவார். நாங்கள் எடுக்க மாட்டோம். இரண்டு மணி என்றால் நான் நலம் என்று அர்த்தம். தெருவில் வெளிநாட்டுக்கு ஆள் அனுப்பியவர்கள் எல்லாருக்கும் இது பழக்கம்தான். பெட்டியும் அதே மாதிரி, நாங்கள் போனை எடுக்கத் தேவையில்லாமல் மணி மட்டும் விடலாம் அல்லவா என்பது மதினியின் கேள்வி.

அக்கா திரும்பி வந்து உட்கார்ந்தாள். கண் விரிந்துவிட்டது. அப்படியென்றால் டிஸ்க் கெட்டால் மட்டும், விட்டு விட்டு மூன்று தடவை மணி விடும்படி வைத்துவிடுகிறேன், தினமும் தொந்தரவு இல்லை என்றாள். மதினி தலையை ஆட்டி மறுத்தார்.

"அது சரிப்படாது ஷீலா. கெட்டாத்தான் மணி வரும்னா, மணி வராத நாளு நல்ல நாளுன்னு நெனச்சுருவோம். எங்களுக்கு அப்படி இல்ல. மணி வராத வெள்ளிக்கிழமதான் எங்களுக்குப் பயம். ஒம் பெட்டியும் நல்லா இருக்கேன்னு தெனமும் சொல்லட்டும். சொல்லலன்னா நான் வந்து ஒன்னயக் கூப்பிடுறேன்."

அக்கா எழுந்து மதினியின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். தனக்குப் படித்துக் கொடுத்த வாத்தியார்கள், ஆபத்து வந்தால் எப்படிக் கத்துவது என்று நிறையச் சொன்னார்கள், நலமாக இருப்பதைச் சொல்வது பற்றி யாரும் பேசியதில்லை என்றாள். பிறகு மதினியும் அவளும் உட்கார்ந்து பேசி ஒப்பந்தம் செய்துகொண்டார்கள். தினம் ஆறரைக்கு ஒரே ஒரு மணி: நலம். விட்டு விட்டு மூன்று தடவை மணி: டிஸ்க் கெட்டுவிட்டது. இரண்டு மணி அண்ணனுக்கு மட்டும்தான், பெட்டி அதை விடக் கூடாது. ஆறரைக்கு மணி வராவிட்டால் அதுவும் சேதிதான். அம்மா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, அந்த நேரத்துக்கு நான் தொழுகையில் இருப்பேன், எனக்கும் அந்தப் பெட்டிக்கும் சம்பந்தம் இல்லை என்று சொல்லிவிட்டு எழுந்து போனார். ரிசீவரை மட்டும் அதற்குப் பிறகு கீழே வைக்கவில்லை.

அதெல்லாம் தொண்ணூற்றெட்டு ஆடி மாதம். கொஞ்ச நாளில் அந்த ஒற்றை மணி எங்களுக்குப் பழகிவிட்டது. போன் ஒருமுறை அடித்து நின்றால், "ஷீலா பெட்டி சலாம் சொல்லிருச்சு" என்பார் மதினி. அம்மாகூட ஒரு நாள் பதிலுக்கு வஅலைக்கும் சலாம் சொன்னார்.

அந்த வருடம் டிசம்பரில் நோன்பும் கிறிஸ்துமஸும் ஒரே வாரத்தில் வந்தன. எங்கள் வீட்டில் நோன்புக் கஞ்சி, எதிர் வீட்டில் ஸ்டார் விளக்கு. கிறிஸ்துமஸுக்கு இரண்டு நாள் இருக்கும்போது, நாங்கள் நோன்பு திறந்து தொழுதுவிட்டுக் கஞ்சியோடு உட்கார்ந்திருந்தோம். மதினி கிண்ணத்தை வாயில் வைக்காமல் போனையே பார்த்துக்கொண்டிருந்தார். அம்மா கடிகாரத்தைப் பார்த்தார். ஆறரை தாண்டிவிட்டது.

தொழுகையில் இருக்கும்போது அடித்திருக்கும் என்றார் அம்மா. மதினி ரிசீவரை எடுத்துக் காதில் வைத்துப் பார்த்தார். லைன் இருந்தது. கிண்ணத்தை மூடி வைத்துவிட்டுத் துப்பட்டியைப் போர்த்திக்கொண்டு எதிர் வீட்டுக்குப் போனார். ஷீலா பாட்டுப் பழக மாதா கோவிலுக்குப் போயிருக்கிறாள் என்றார் டீச்சர். மதினி நேராக மாதா கோவிலுக்கு நடந்தார். நானும் கூடப் போனேன்.

மாதா கோவில் வாசலில் குடில் கட்டிக்கொண்டிருந்தவர்கள், துப்பட்டி போர்த்திய ஒரு பெண் படியில் வந்து நிற்பதைப் பார்த்து வேலையை நிறுத்தினார்கள். உள்ளே பாட்டுப் போய்க்கொண்டிருந்தது. அக்காவின் குரல் தனியாகக் கேட்டது. மதினி உள்ளே போகவில்லை. கூப்பிடவும் இல்லை. வாசலில் அக்காவின் கண்ணில் படும் இடமாகப் பார்த்து நின்றார். அக்கா பார்த்துவிட்டாள். பாட்டைப் பாதியில் விட்டுவிட்டு வெளியே வந்தாள்.

மதினி விஷயத்தைச் சொன்னார். அக்கா முதலில் நம்பவில்லை. இன்றைக்குக் காலையில்கூட இரண்டு டிஸ்க்கும் நன்றாக இருந்தன, தொழுகை நேரத்தில் மணி அடித்ததை நீங்கள் கவனித்திருக்க மாட்டீர்கள் என்றாள்.

"ஷீலா," என்றார் மதினி, "கல்யாணம் ஆன நாள்லருந்து நான் மணிக்குக் காது குடுத்துட்டு உக்காந்திருக்கேன். அடிச்ச மணி எனக்குத் தப்பாது."

அக்கா வண்டியை எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனாள்.

அறையைத் திறந்தபோது உள்ளே 'டிக் டிக்' என்று ஒரு சத்தம் வந்துகொண்டிருந்ததாம். கெட்டுப்போன டிஸ்க் அப்படித்தான் சத்தம் போடும். ஆனால் அது முழுசாகச் சாகவில்லை. பாதி உயிரில் கிடந்து சர்வரையும் பிடித்து வைத்துக்கொண்டது. காவல்காரன் போய் நலமா என்று கேட்டிருக்கிறது. சர்வர் நலம் என்றும் சொல்லவில்லை, கெட்டுவிட்டது என்றும் சொல்லவில்லை. காவல்காரன் பதிலுக்காகக் காத்துக்கொண்டே நின்றுவிட்டது, ஆறரை மணியையும் விடவில்லை. கெட்டுவிட்டது என்று பதில் வந்தால்தானே மூன்று மணி விடும்? பதிலே வராவிட்டால் என்ன செய்வது என்று அக்கா அதற்குச் சொல்லிக் கொடுத்திருக்கவில்லை. கெட்டால் மட்டும் மணி என்று வைத்திருந்தால், அன்றைக்கு மணி வராததை யாரும் கவனித்திருக்க மாட்டார்கள். யாரும் கவலைப்பட்டிருக்கவும் மாட்டார்கள்.

இன்னொன்றும் அக்கா எனக்கு விளக்கினாள். காலை வரைக்கும் விட்டிருந்தால், சிஸ்டரோ மருந்துக் கடைக்காரரோ வந்து, திரை நகரவில்லை என்று பெட்டியை ஆஃப் பண்ணி ஆன் பண்ணியிருப்பார்கள். அந்த ஆஸ்பத்திரியில் எல்லாக் கோளாறுக்கும் அதுதான் வைத்தியம். அப்படிச் செய்திருந்தால், எது நல்ல டிஸ்க் எது கெட்ட டிஸ்க் என்று பெட்டி தப்பாக எடுத்துக்கொண்டு, கெட்டதில் இருப்பதை நல்லதன் மேல் எழுத ஆரம்பித்திருக்கும். கண்ணாடியில் தெரியும் முகத்தைப் பார்த்து நிஜ முகத்தை மாற்றுவது போல. அப்புறம் இரண்டிலும் ஒன்றும் மிஞ்சாது.

அக்கா கெட்ட டிஸ்க்கைக் கழற்றினாள். முதல் விபத்துக்குப் பிறகு டாக்டரம்மாவிடம் சண்டை போட்டு வாங்கி அலமாரியில் வைத்திருந்த புது டிஸ்க்கை மாட்டினாள். நல்ல டிஸ்க்கில் இருந்தது புதியதற்கு ஏறத் தொடங்கியதும், அறையைப் பூட்டிவிட்டு மாடியில் இருந்த டாக்டரம்மாவிடம் போனாள். இதை அவள் சொல்லிச் சொல்லி எனக்கு வரிவரியாகத் தெரியும். ஒரு டிஸ்க் போய்விட்டது என்று முதலிலேயே சொல்லிவிட்டாளாம். டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றி மேஜை மேல் வைத்தார்.

"எவ்வளவு போச்சு?"

"ஒரு வரிகூடப் போகல டாக்டரம்மா."

"பெட்டி போன் போட்டுச்சா?"

"இல்ல. போடாததுனாலதான் தெரிஞ்சது. எதிர் வீட்டு ஜாஹிதாக்கா மாதா கோவிலுக்கு வந்து சொன்னாக."

டாக்டரம்மா முதலில் சிரித்தார். அப்புறம் முழுக் கதையையும் கேட்டார். ஊமைப் போன், அம்மா ரிசீவரைக் கீழே வைத்தது, இரண்டு மணி, ஒரு மணி எல்லாவற்றையும் கேட்டார். அக்கா ஒன்றையும் மறைக்கவில்லை, காவல்காரன் பதிலுக்காக நின்றுபோன தப்பையும் சேர்த்துச் சொன்னாள். அதைத் திருத்திவிடுவேன், ஆனால் தினமும் வரும் ஒற்றை மணியை மட்டும் எடுக்க மாட்டேன் என்றாள்.

நோட்டுக்குத் திரும்புவது பற்றி டாக்டரம்மா அதற்குப் பிறகு பேசியதில்லை. புஷ்பவள்ளி சிஸ்டரையும் மருந்துக் கடைக்காரரையும் வரவழைத்து, அந்த அறையில் எந்தப் பொத்தானைத் தொடுவதாக இருந்தாலும் ஷீலாவைக் கேட்காமல் தொடக் கூடாது என்றார். சிஸ்டருக்குக் கொஞ்சம் வருத்தம்தான். யு.பி.எஸ். கத்தினால் என்ன செய்வது என்று கேட்டாராம். கத்தட்டும், நீங்கள் காதைப் பொத்திக்கொள்ளுங்கள் என்றாள் அக்கா.

மறுநாள் காலையில் ஆஸ்பத்திரியில் ஒருவருக்கும் ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. மருந்துக் கடையில் மருந்து விவரம் வந்தது. வார்டில் நோயாளிகளின் பெயர்கள் வந்தன. வேறு யாராவது என்றால், நடந்தது யாருக்கும் தெரியாமல் போனதே என்று சும்மா இருந்திருப்பார்கள். அக்கா ஒவ்வொரு மேஜையாகப் போய், நேற்றுச் சாயங்காலம் உங்கள் பெட்டி போயிருக்க வேண்டியது, நான் காப்பாற்றினேன் என்று சொன்னாள். மதினியின் பெயரையும் மறக்காமல் சேர்த்துச் சொன்னாள். அதனால்தான் இப்போது ஆஸ்பத்திரிக்குப் போனால், ஜாஹிதா வீட்டு ஆளா என்று எங்களைக் கேட்கிறார்கள். மதினிக்கு வெட்கம்தான். ஆனால் அந்த வெள்ளிக்கிழமை அண்ணன் மணி விட்டதும், மதினி அவருக்கு உட்கார்ந்து நாலு பக்கம் கடிதம் எழுதியதை நான் பார்த்தேன். அம்மா இப்போது தானாகவே, எங்கள் வீட்டுக்கு ஆஸ்பத்திரியில் இருந்து தினம் போன் வரும் என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்லுகிறார். என்னைக் கம்ப்யூட்டர் வகுப்புக்கு அனுப்புவதைப் பற்றி ஷீலாவிடம் கேட்டுப் பார்ப்போம் என்றும் ஒரு தடவை சொல்லியிருக்கிறார்.

டிஸ்க் மாற்றிய மறுநாள் காலையில் பரிசோதனைக் கூடத்துக்கு ஒக்கூரிலிருந்து ஒரு பெரியவர் வந்தாராம். அந்த வருட மழைக்காலத்தில் எடுத்த ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட் தொலைந்துவிட்டது, இன்னொன்று வேண்டும் என்றார். அக்காவே உட்கார்ந்து அவர் பெயரைத் தட்டினாள். தேதியோடு முழுசாக வந்தது. பிரிண்ட் எடுத்து நீட்டினாள். பெரியவர் அதை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார்.

"என்னம்மா, எழுத்தெல்லாம் மங்கிப்போயி இருக்கு?"

"ரிப்பன் பழசாயிருச்சு அய்யா," என்றாள் அக்கா. "எழுத்துதான் மங்கல். விஷயம் ஒன்னும் கொறையல, படிச்சுப் பாருங்க."